இறப்பர்த் துண்டில் தொடங்கும் பாடம்



நம் கேகாலை மாவட்டத்தில் இறப்பர் பால் வெட்டும் கைகளைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. மரத்தின் உட்பகுதியில் காயம்படாமல் பட்டையை மெல்லியதாகச் சீவுவது லேசான வேலையல்ல. ஆனாலும் கைவேலையைப் படிப்புக்குக் கீழே வைத்துப் பேசுவது நம் வழக்கம். மருத்துவ வரலாறு சொல்வது வேறு.

1894 இல் பிரான்ஸ் ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். அறுந்த பெரிய இரத்தக்குழாயைத் தைக்கும் முறை அன்று வைத்தியர்களிடம் இல்லை; அவர் இறந்துபோனார். அந்த நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கரெல், ஒரு பூத்தையல்காரப் பெண்மணியிடம் போய் மெல்லிய ஊசியையும் பட்டுநூலையும் கையாளப் பழகினார். 1902 இல் இரத்தக்குழாய்களை இணைக்கும் தன் முறையை வெளியிட்டார். 1912 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த படி நுணுக்குக்காட்டி. 1960 இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ஜேக்கப்சன், சுவாரெஸ் இருவரும் அதன் கீழே மிகச் சிறிய இரத்தக்குழாய்களைத் தைத்துக் காட்டினர். 1965 இல் யப்பானின் நாரா நகரில் கொமாட்சு, தமாய் என்ற வைத்தியர்கள், முற்றாகத் துண்டான பெருவிரலை மீண்டும் பொருத்தினர்.

இந்த வித்தையை நோயாளியின் உடம்பில் பழக முடியாது. நூல் தலைமுடியைவிட மெல்லியது. கை சற்று நடுங்கினாலும் குழாய் கிழியும். அதனால் பயிற்சி வைத்தியர்கள் முதலில் கையுறையிலிருந்து வெட்டிய இறப்பர்த் துண்டில் கீறி, அந்தக் கீறலைத் தைத்துப் பழகுகிறார்கள். பிறகு கோழித் தொடையின் இரத்தக்குழாய், அதன்பின் எலி. நம் பிள்ளைகள் இரட்டைக் கோட்டுக் கொப்பியில் எழுத்துப் பழகுவது போலத்தான்.

பக்கத்தில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில், 1991 இல் இணைந்த டாக்டர் இராஜ சபாபதி கை மீள்பொருத்தும் சிகிச்சையைப் பெரிதாக வளர்த்தார். வெளிநாட்டு வைத்தியர்களும் அங்கே வந்து பழகுகிறார்கள்.

இறப்பர் தொழிற்சாலையிலோ மர ஆலையிலோ யாருக்காவது விரல் துண்டானால், காயத்தை அழுத்திக் கட்டுங்கள். துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளையை வகுப்பில் கண்டால் மட்டம் தட்டாதீர்கள். கரெலுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு தையல்காரப் பெண்மணி.