குழாய்க்கு முன்னும் பின்னும்: விழுப்புரம்–திண்டிவனம் வட்டாரத்தில் சிறு அளவு எல்.என்.ஜி.யின் சந்தை

2024 ஜனவரி 2 அன்று திருச்சிராப்பள்ளியில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த திட்டங்களில் ஒன்று, செங்கல்பட்டிலிருந்து சாயல்குடி வரை இந்தியன் ஆயில் நிறுவனம் பதித்த 488 கி.மீ. இயற்கை எரிவாயுக் குழாய். எண்ணூரில் தொடங்கி பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என ஏறத்தாழ 1,400 கி.மீ. நீளும் பெருந்திட்டத்தின் நடுத்துண்டு அது. விழுப்புரம் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்வதும் அதுவே. சிறு அளவு திரவ இயற்கை எரிவாயுக்கு, அதாவது எல்.என்.ஜி.க்கு, இந்த மாவட்டத்தில் என்ன சந்தை இருக்கிறது என்று கேட்பவர் இந்த நாளை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் வருவதற்கு முன் இருந்த சந்தையும் வந்த பின் இருக்கும் சந்தையும் ஒன்றல்ல. முன்னதற்காகப் போடப்பட்ட கணக்குகளைப் பின்னதற்கும் பொருத்துவதால்தான் இத்துறையில் முதலீட்டு முடிவுகள் தடுமாறுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் திரவமாகிறது. கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கடல் கடந்து கப்பலில் கொண்டுவர இதுவே வழி. அந்தத் திரவத்தைத் துறைமுக முனையத்திலேயே வாயுவாக்கிக் குழாயில் அனுப்புவது பெரிய அளவு வணிகம். திரவமாகவே இரட்டைச் சுவர் டேங்கர் லாரிகளில் ஏற்றி, குழாய் எட்டாத ஆலைக்கோ எரிபொருள் நிரப்பும் பங்குக்கோ கொண்டுசெல்வது சிறு அளவு வணிகம். ஒரு டேங்கர் ஏறத்தாழ 17 டன் கொள்ளும். போய்ச்சேரும் இடத்தில் ஒரு சேமிப்புத் தொட்டி, காற்றின் வெப்பத்தைக் கொண்டே திரவத்தை வாயுவாக்கும் ஆவியாக்கி, வாசனையூட்டும் கருவி, ஒரு பம்பு ஆகியவை போதும். ஸ்பெயினும் ஜப்பானும் குழாய் போகாத ஊர்களுக்குப் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் எரிவாயு கொடுத்துவருகின்றன. சீனா இதே திரவத்தை லாரிகளின் எரிபொருளாக்கி டீசல் தேவையைக் குறைத்திருக்கிறது.

தமிழகத்தில் இந்த எண்ணம் புதிதல்ல. 1990-களின் பிற்பகுதியில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் முன்முயற்சியில், தட்சிண் பாரத் எனர்ஜி கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு எண்ணூரில் எல்.என்.ஜி. முனையமும் அதன் எரிவாயுவில் இயங்கும் பெரிய மின்நிலையமும் கட்டத் திட்டமிட்டது. அது கைகூடவில்லை. மின்சாரத்தை வாங்குபவரின் நிதிநிலையை நம்பியே இறக்குமதி ஒப்பந்தம் நிற்க வேண்டியிருந்த காலம் அது. மகாராஷ்டிரத்தின் தாபோலில் என்ரான் மின் திட்டம் இதே சிக்கலில் பட்ட பாடு முதலீட்டாளர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்தியாவின் முதல் எல்.என்.ஜி. கப்பல் 2004 ஜனவரியில் குஜராத்தின் தகேஜுக்குப் போனது. 2005-ல் ஹசீரா, 2013-ல் கொச்சி என முனையங்கள் மேற்குக் கரையிலேயே எழுந்தன. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள முனையம் திறக்கப்பட்டது 2019 மார்ச்சில். கிழக்குக் கடற்கரையில் அதுவே முதலாவது.

கொச்சியின் அனுபவம் எண்ணூருக்கு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். அங்கும் முனையத்தின் கொள்ளளவு 50 லட்சம் டன். மங்களூரு வரையிலான 450 கி.மீ. குழாய் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் முனையம் தன் திறனில் சிறு பங்கையே பயன்படுத்தியது. எண்ணூரிலும் அதே கதை நடந்தது. மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையும் மெட்ராஸ் உரத் தொழிற்சாலையும்தான் தொடக்கக்கால வாடிக்கையாளர்கள். எண்ணூர்–செங்கல்பட்டு 115 கி.மீ. குழாயும் திருவள்ளூர்–பெங்களூரு 271 கி.மீ. குழாயும் 2022 மே 26 அன்றுதான் அர்ப்பணிக்கப்பட்டன. விழுப்புரத்துக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு காத்திருப்பு.

ஆக, 2019 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுகள் சிறு அளவு எல்.என்.ஜி.க்கு இயல்பாகவே அமைந்த வாசல். முனையத்தில் எரிவாயு இருக்கிறது, குழாய் இல்லை, ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் திண்டிவனம், டேங்கர் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம். 2018-ல் நகர எரிவாயு வினியோகத்துக்கான ஒன்பதாம் சுற்று ஏலத்தில் சென்னை, திருவள்ளூர் பகுதியை டோரன்ட் கேஸும், காஞ்சிபுரம் பகுதியை ஏ.ஜி. அண்ட் பி. நிறுவனமும் பெற்றன. குழாய் வருமுன் திரவத்தை லாரியில் கொண்டுவந்து, அங்கேயே அழுத்தி சி.என்.ஜி.யாக்கி விற்கும் எல்.சி.என்.ஜி. நிலையங்கள் நாட்டின் பல இடங்களில் அப்போது தலைதூக்கின. ஏ.ஜி. அண்ட் பி. இன்னும் ஒரு படி மேலே போய், காரைக்கால் துறைமுகத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் கொள்ளளவுள்ள சிறிய இறக்குமதி முனையத்தை 2020-ல் அறிவித்தது. அது எழும்பவில்லை. அறிவிப்பு வந்த ஆண்டிலேயே பெருந்தொற்று வந்தது. பின்னர் 2023-ல் துறைமுகமே அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அந்த முனையம் வந்திருந்தால், வடக்கே எண்ணூர், தெற்கே காரைக்கால் என்று இரண்டு கொள்முதல் இடங்களுக்கு நடுவில் விழுப்புரம் அமர்ந்திருக்கும். விலை பேச வலு கிடைத்திருக்கும். இந்த இழப்பை நம் எரிசக்தி விவாதங்கள் போதுமான அளவு பேசவில்லை.

குழாய் தாமதமானதை நிர்வாகத்தின் சோம்பல் என்று மட்டும் எழுதிவிட முடியாது. கொங்கு மண்டலத்தில் ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே கெயில் நிறுவனம் குழாய் பதிக்க முயன்றபோது, 2013-ல் தமிழக அரசே நெடுஞ்சாலை ஓரமாக மாற்றச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் விவசாயியின் அச்சம் தீர்ப்பால் தீர்வதில்லை. 2014 ஜூனில் ஆந்திரத்தின் ‘நகரம்’ என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது எல்லோர் நினைவிலும் இருந்தது. குழாய்களுக்கான 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் அரசுக்குப் போகும். குழாய் செல்லும் நிலப்பட்டையில் கட்டடம் கட்டவோ கிணறு வெட்டவோ ஆழ வேரோடும் மரம் வைக்கவோ முடியாது. விழுப்புரம் கடலோரத்தில் இந்த மனநிலை இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. வேதாந்தா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட ஹைட்ரோகார்பன் பகுதி மரக்காணத்தையும் தொட்டது. அதை எதிர்த்து 2019 ஜூன் 12 அன்று மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை மனிதச் சங்கிலி நடந்தது. எரிவாயுவைத் தோண்டுவதும் குழாயில் கடத்துவதும் லாரியில் கொண்டுவருவதும் வெவ்வேறு தொழில்கள்தான். ஆனாலும் ‘எரிவாயு’ என்று பலகை வைப்பவர் ஊர் மக்களிடம் இதை முதலில் பேசித் தீர்க்க வேண்டும். நிலத்தைத் தொடாமல் வருவது என்ற ஒன்றே டேங்கருக்கு இங்கே இருந்த பெரிய சாதகம்.

அந்த ஐந்தாண்டு வாசலை விழுப்புரம் ஏன் பயன்படுத்திக்கொள்ளவில்லை? விடை மாவட்டத்தின் தொழில் அமைப்பில் இருக்கிறது. எந்த மாவட்டத்துக்கும் ஒரே அச்சில் எழுதப்படும் சந்தை அறிக்கைகள் சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, உணவுப் பதப்படுத்தல் என்று பட்டியல் போட்டு, அவை எல்லாமே எரிவாயு வாங்கும் என்று கணக்கிட்டுவிடுகின்றன. கள நிலவரம் வேறு. முண்டியம்பாக்கம், செஞ்சி அருகே செம்மேடு, பெரியசெவலை ஆகிய இடங்களில் உள்ள சர்க்கரை ஆலைகளின் கொதிகலனுக்குக் கரும்புச் சக்கையே எரிபொருள். ஆலைக்குள்ளேயே பிறக்கும் சக்கையை விட்டுவிட்டு, கத்தாரிலிருந்து வரும் வாயுவை எவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். அரிசி ஆலைக்கு உமி இருக்கிறது. மரக்காணம் உப்பளத்துக்கு வெயில் இருக்கிறது. திருவக்கரை, வானூர் பக்கத்துக் கல் குவாரிகளுக்கு வேண்டியது இயந்திரத்துக்கு டீசலும் கிரஷருக்கு மின்சாரமும்தான். கண்ணாடி, பீங்கான், உலோக உருக்கு போன்று இடைவிடாத உயர்வெப்பம் கேட்கும் தொழில்கள்தான் எரிவாயுவின் இயல்பான வாடிக்கையாளர்கள். அவை இந்த வட்டாரத்தில் அரிது. ஸ்ரீபெரும்புதூரையோ ஒசூரையோ பார்த்துப் போட்ட கணக்கு விழுப்புரத்தில் விளையாது.

வரி அமைப்பும் ஆலைச் சந்தைக்கு எதிராகவே நிற்கிறது. இயற்கை எரிவாயு இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஃபர்னஸ் ஆயிலோ எல்.பி.ஜி.யோ வாங்கும் ஆலைக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்கிறது. எரிவாயு வாங்கினால் கட்டிய வாட் வரி செலவாகவே நின்றுவிடுகிறது. ஆனால் லாரிக்கு இந்தப் பாதகம் இல்லை. அங்கே போட்டியாளர் டீசல், அதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியேதான் இருக்கிறது.

வரைபடத்தை விரித்தால் விழுப்புரம் மாவட்டத்தின் உண்மையான செல்வம் தெரியும். சென்னையிலிருந்து தெற்கே போகும் நான்குவழிச் சாலை திண்டிவனத்தில் புதுச்சேரிக்கு ஒரு கிளையும், செஞ்சி, திருவண்ணாமலை வழியே கிருஷ்ணகிரிக்கு ஒரு கிளையும் விடுகிறது. விக்கிரவாண்டியில் பண்ருட்டி, கும்பகோணம், தஞ்சைப் பாதை பிரிகிறது. விழுப்புரத்தில் புதுச்சேரிச் சாலையும் வேலூர்ச் சாலையும் பிரிகின்றன. சற்றுத் தெற்கே கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் தூத்துக்குடித் துறைமுகக் கன்டெய்னர்களும் டெல்டா நெல்லும் சென்னைக்கு ஏறும்போது விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டுச் சாலையில் ஒன்றுசேர்கின்றன. ஆலைகள் தராத தேவையை இந்தச் சாலை தரும்.

2020 நவம்பரில் மத்திய அரசு முதல் 50 எல்.என்.ஜி. பங்குகளுக்கு அடிக்கல் நாட்டியபோது முன்னுரிமை தங்க நாற்கரச் சாலைக்குப் போனது. அதன் சென்னை–பெங்களூரு கை வேலூர் வழியே செல்வது. விழுப்புரம் அதில் இல்லை. மூன்றாண்டில் 1,000 பங்குகள் என்ற இலக்கும் எட்டப்படவில்லை. ஆனால் அதே 2020-ல் இன்னொரு முக்கியமான முடிவு வந்தது. நகர எரிவாயு உரிமம் வேறு நிறுவனத்திடம் இருந்தாலும், வாகனங்களுக்கான எல்.என்.ஜி. பங்கை யாரும் எந்தப் பகுதியிலும் தொடங்கலாம் என்று பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் தெளிவுபடுத்தியது. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமமும் நிலமும் முதலும் இருந்தால் திண்டிவனத்துக்காரர் ஒருவரே இறங்கலாம். உள்ளூர் முதலீட்டாளர் பலருக்கு இந்த வாய்ப்பு இருப்பதே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இத்தொழிலின் உயிர்நாடி விற்பனை வேகம். ஒரு லாரி ஒரு முறைக்கு 150 கிலோ நிரப்புவதாக வைத்தால், 17 டன் டேங்கர் ஒன்று நூற்றுக்குச் சற்று அதிகமான லாரிகளுக்குப் போதும். டீசல் பங்கில் விற்காத சரக்கு தொட்டியிலேயே கிடக்கும், எல்.என்.ஜி. அப்படிக் கிடக்காது. எவ்வளவு நல்ல வெற்றிடக் காப்பு இருந்தாலும் வெப்பம் மெல்ல நுழையும், திரவம் ஆவியாகும், அழுத்தம் ஏறும். விற்பனை மந்தமானால் அந்த வாயுவை எங்காவது பயன்படுத்த வேண்டும், இல்லையேல் வெளியே விட வேண்டும். மீத்தேனை வெளியே விடுவது பணத்துக்கும் கேடு, காலநிலைக்கும் கேடு. இருபதாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பமூட்டும். எனவே தனித்து நிற்கும் எல்.என்.ஜி. நிலையம் இங்கே ஆபத்தான முதலீடு. ஆவியாகும் வாயுவை சி.என்.ஜி.யாக்கி ஆட்டோ, கார், பேருந்துக்கு விற்கும் இணைப்பு நிலையமே தாங்கும். குழாய் வந்தது சிறு அளவு எல்.என்.ஜி.யைக் கொன்றுவிட்டது என்பார்கள். அருகில் நகர எரிவாயு வலை இருந்தால், மிஞ்சும் வாயுவை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைக்கிறார் என்ற பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்துக்கு இங்கே தனி இடம் உண்டு. தலைமையகம் இவ்வூரிலேயே இருக்கிறது. பேருந்துகள் நாள்தோறும் பணிமனைக்குத் திரும்புகின்றன. எரிபொருள் தேவை முன்கூட்டியே தெரியும். 2024-ல் தமிழகப் போக்குவரத்துக் கழகங்கள் சில டீசல் பேருந்துகளை சி.என்.ஜி., எல்.என்.ஜி.க்கு மாற்றி வெள்ளோட்டம் பார்த்தன. ஒரு நிலையத்தின் அடிப்படை விற்பனைக்கு இதைவிட உறுதியான வாடிக்கையாளர் கிடையாது.

திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவைப் பற்றியும் ஒரு சொல். அங்கே கொதிகலனுக்கு எரிவாயு என்பதைவிடக் குளிர்ச்சிக்கு எல்.என்.ஜி. என்ற எண்ணத்தை ஆராயலாம். மைனஸ் 162 டிகிரியில் வரும் திரவத்தை வாயுவாக்கும்போது அந்தக் குளிர் பொதுவாகக் காற்றோடு வீணாகிறது. ஜப்பானில் அதைக் குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்திலேயே வாயுவை வாங்குபவரும் இருந்தால்தான் கணக்கு நேராகும். சர்க்கரை ஆலைகளும் வேறு வகையில் இதில் வரலாம்: எரிவாயு வாங்குபவராக அல்ல, ஆலைக் கழிவான பிரஸ்மட்டிலிருந்து சாண எரிவாயு போன்ற உயிரிவாயு எடுத்து விற்பவராக. 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் சதத் திட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

விலைதான் பெரிய அச்சம். 2020-ல் ஆசியச் சந்தையில் பத்து லட்சம் பி.டி.யு. (வெப்ப அலகு) எரிவாயு 2 டாலருக்கும் கீழே போனது. உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022-ல் 50 டாலரைத் தாண்டியது. 2020-ன் விலையை நம்பி வண்டி வாங்கியவர் 2022-ல் டீசலுக்கே ஏங்கியிருப்பார். லாரி உரிமையாளர் பெரும்பாலும் கடனில் வண்டி எடுப்பவர், எல்.என்.ஜி. வண்டியின் விலையும் டீசல் வண்டியைவிடக் கூடுதல். டீசல் விலையோடு பிணைத்து, அதைவிட இவ்வளவு குறைவாகத் தருவோம் என்று எழுதிக்கொடுக்கும் நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அவரை அழைப்பது நியாயமாகாது.

எனவே விழுப்புரம்–திண்டிவனம் வட்டாரத்தில் சிறு அளவு எல்.என்.ஜி.க்கு வாய்ப்பு உண்டு. அது ஆலைகளில் இல்லை, சாலையில் இருக்கிறது. பல நிலையங்களுக்கு இடமில்லை. விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், சி.என்.ஜி. இணைப்போடும் போக்குவரத்துக் கழகத்தின் கொள்முதல் உறுதியோடும் ஒன்று நிற்கும். மின்சார லாரிகளின் விலை இறங்கிவரும் வேகத்தைப் பார்த்தால், அந்த ஒன்றுக்கும் முதலை மீட்கக் கிடைக்கும் காலம் நீண்டதல்ல. முதலீடு செய்ய நினைப்போர் நிலம் வாங்கும் முன் ஆத்தூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிகளைக் கடக்கும் கனரக லாரிகளில் எத்தனை ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடுபவை என்று எண்ணிப் பார்க்கட்டும். அந்தத் தரவைப் பொதுவில் வெளியிடும்படி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைத் தமிழக அரசு கேட்க வேண்டும்.