மலைமேல் எழுந்த பள்ளியும் மலையடிவாரப் பிள்ளைகளும்

பெரியகுளத்தில் நின்று வடக்கே நோக்கினால் வானளாவி நிற்பது பழநி மலைத்தொடர். அதன்மேல் உள்ள கோடைக்கானலில் 1901-ஆம் ஆண்டு தோன்றிய பள்ளியொன்றின் வரலாறு, நம் சமுதாய இளைஞர்கள் அறிந்து சிந்திக்கத் தக்கதாகும்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் மதுரையில் பணி தொடங்கியது. வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் குருமார்களின் குடும்பங்கள் பலியாகவே, 1845-இல் அவர்கள் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். ஆயினும் பிள்ளைகளின் படிப்பு பெருங்கவலையாகவே இருந்தது. பள்ளி வயது வந்ததும் பிள்ளைகளைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்புவர். பின்னர் பெற்றோர் அவர்கள் முகம் காணப் பல ஆண்டுகள் ஆகும். இத்துயர் தீரவே 'ஹைகிளர்க்' என்னும் பள்ளி 13 பிள்ளைகளுடன் தொடங்கப்பெற்றது. திருமதி மார்கரெட் எடி முதல் தலைமையாசிரியராக விளங்கினார்.

அப்பள்ளி நடந்த முறை கருதத் தக்கது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கு ஏற்ற பாடங்கள் கற்பிக்கப்பட்டன. உணவும் உறையுளும் பள்ளியிலேயே கிடைத்தன. கோடையில் பெற்றோர் மலைக்கு வந்து பிள்ளைகளுடன் தங்குவர். சமவெளி குளிரும் மாதங்களில் நீண்ட விடுமுறை விட்டுப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் அனுப்புவர். குடும்பத்தின் வாழ்க்கைக்கு ஏற்பப் பள்ளியின் ஆண்டு வகுக்கப்பட்டது. இன்று கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி எனப்படும் அது, 1976-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சர்வதேசப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது.

அக்காலப் பிள்ளைகள் மலையேறியது எவ்வாறு? அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் அருகிலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து சுமார் 12 மைல் செங்குத்துப் பாதை. வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வரும்வரை, நாற்காலியிலும் டோலியிலும் அவர்களைத் தோளில் சுமந்தவர்கள் நம் நாட்டு ஏழைக் கூலிகளே. அப்பாதைக்கே கூலிப் பாதை என்று பெயர்.

சுமந்தவனின் பிள்ளை எங்கே படித்தான்? சிற்றூர்களில் மிஷன் நடத்திய சிறு பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கற்றான். அதுவும் வாய்ப்புப் பெற்றவன் மட்டுமே. பஞ்சமர் கல்விக்கென உதவிகள் வகுத்துச் சென்னை அரசு ஆணையிட்டதே 1893-இல்தான். ஊர்ப் பள்ளியின் கதவு அடைத்திருந்த நாளில் மிஷன் பள்ளி நமக்குக் கைகொடுத்தது; அந்த நன்றியை நாம் மறவோம். ஆயினும் தம் பிள்ளைக்கு வேண்டும் என்று அவர்கள் கருதியது ஒன்று; நம் பிள்ளைக்குப் போதும் என்று கருதியது மற்றொன்று. இவ்வேறுபாட்டையும் நாம் மறத்தலாகாது.

கம்பம், போடி பகுதிகளிலிருந்து இன்றும் நம் மக்கள் விடியுமுன்னே ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு நாம் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கிறோம். அப்பிள்ளைக்கு அறிவு குறையவில்லை. அவன் வாழ்க்கைக்கு ஏற்ற ஏற்பாடுதான் குறைகிறது. இதை உணர்ந்தே அண்ணல் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது.

வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பரிசும் பாராட்டும் தொடரட்டும். அவற்றுடன் மாலைப் படிப்பகமும், ஒரு வேளை உணவும், விடுதியில் இடம் பெற்றுத் தரும் முயற்சியும் சேரட்டும். 13 பிள்ளைகளுக்காக ஒரு சமூகம் மலைமேல் பள்ளி கண்டது. நம் தெருவிலும் 13 பிள்ளைகள் இருக்கிறார்கள்.