வெல்லக்கூடியவர் யார்? கொங்குத் தேர்தல் களம் சொல்வது

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கட்சி அலுவலகங்களில் விருப்ப மனுக்கள் குவிகின்றன, நேர்காணல்கள் நடக்கின்றன. அங்கே எழும் வினாக்கள் அனைத்தையும் 'வெற்றி வாய்ப்பு' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடலாம். சாதி வாக்கு எவ்வளவு, செலவிடும் திறன் எவ்வளவு, மாவட்டச் செயலாளரின் ஆதரவு உண்டா என்பனவெல்லாம் அதன் உட்பிரிவுகளே. இந்தக் கணக்கு எந்த அளவுக்குப் பலித்திருக்கிறது என்பதைத் திருப்பூரையும் அதைச் சூழ்ந்த கொங்குப் பகுதியையும் முன்வைத்துச் சற்றே ஆராய்வோம்.

முதலில் 1962ஐ நினைவுகூர்வது நலம். 1957இல் சட்டமன்றம் புகுந்த திமுகவின் 15 உறுப்பினர்களையும் வீழ்த்தக் காமராசர் திட்டமிட்டார். உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்களாகப் பார்த்து எதிரே நிறுத்தினார். காஞ்சிபுரத்தில் நடேச முதலியாரிடம் அண்ணாவே தோற்றார். தொகுதி மாறித் தஞ்சையில் நின்ற கருணாநிதி ஒருவரைத் தவிர ஏனைய பதினால்வரும் தோல்வியுற்றனர். ஆனால் அதே தேர்தலில் திமுக 50 இடங்களைப் பெற்றது. குறிபார்த்த பதினைந்து இடங்களில் வியூகம் பலித்தது. குறிவைக்காத இடங்களில் எதிர்க்கட்சி வளர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஆட்சியும் கைமாறிற்று.

1967இல் கொங்குநாடு இதன் மறுபக்கத்தைக் கண்டது. கோபிசெட்டிபாளையம் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றவர் சி. சுப்பிரமணியம்: நடுவண் உணவு அமைச்சர், பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவர், 1965இல் மொழிச் சிக்கலை ஒட்டிப் பதவி விலகல் கடிதம் தந்தவர். தகுதியில் அவரினும் மேம்பட்ட வேட்பாளரைக் காங்கிரஸ் தேடியிருக்க முடியாது. எனினும் திமுகவின் பி.ஏ. சாமிநாதனிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் உணவு அமைச்சராக வாக்குக் கேட்பதைவிடக் கடினமான நிலை வேறென்ன? அவர் ஊன்றிய விதையின் விளைச்சல், வாக்குப்பெட்டிக்குப் பிறகே வீட்டுக்கு வந்தது.

திருப்பூர் அப்போதைய கோவைத் தொகுதியில் அடங்கியிருந்த காலத்து நிகழ்வு இன்னும் தெளிவானது. 1999இல் பாஜகவின் சி.பி. இராதாகிருஷ்ணனை எதிர்த்துப் பொதுவுடைமைக் கட்சி நிறுத்தியவர் இரா. நல்லகண்ணு. எளிமைக்கும் நேர்மைக்கும் எதிர்முகாமும் மதித்த பெயர் அது. அவர் தோற்றார். 2004இல் அதே கட்சியின் சார்பில் நின்ற கே. சுப்பராயன் அதே இராதாகிருஷ்ணனை வென்றார். உள்ளூர்த் தொழிற்சங்கத் தலைவர் என்பது அவருக்கு வலுவே. ஆனால் 1999இல் பாஜகவுடன் இருந்த திமுக, 2004இல் இடதுசாரிகளுடன் இருந்தது. தமிழகத்தின் 39 தொகுதிகளும் அந்த அணிக்கே சென்றன. வெற்றியின் பெரும்பங்கு கூட்டணியினுடையது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் வேட்பாளர் யாராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அக்கேள்விக்கு 1996இல் மொடக்குறிச்சி விடை சொன்னது. தம் குறைகளை எக்கட்சியும் செவிமடுக்கவில்லை என்று கருதிய உழவர்கள் கூட்டங்கூட்டமாக மனுத் தாக்கல் செய்தனர். களத்தில் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று, தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசனே. ஆயினும் அந்த 1,033 என்ற எண், கட்சிகளின் தேர்வுமுறைமீது மக்கள் எழுதிய விமர்சனம். அதற்குக் கிடைத்த மறுமொழியோ, சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததுதான்.

2011 சனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சில மாதங்களிலேயே சட்டமன்றத் தேர்தல். நிலம் கெட்ட உழவர், வேலை இழந்த தொழிலாளர், கடனில் நின்ற முதலாளி ஆகிய மூவரும் ஒரே வாக்குச்சாவடி வரிசையில் நின்றனர். வடக்கில் அதிமுகவின் எம்.எஸ்.எம். ஆனந்தனும், தெற்கில் அதே அணியின் மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளர் கே. தங்கவேலும் வென்றனர். இங்கும் அணியே வென்றது எனலாம். ஆனால் வென்றபின் மூவரிடமும் முகங்கொடுத்துப் பேச வேண்டியவர் தனி மனிதர், கூட்டணி அன்று.

இதுவே நாம் வந்தடையும் முடிவு. வெற்றியைக் கூட்டணியும் காலச்சூழலும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எனவே கட்சிகள் நினைப்பதைவிட அவற்றுக்கு வேட்பாளர் தேர்வில் உரிமை மிகுதி. வலுவான அணி அமைந்த கட்சி, பணப்பையைப் பார்க்காமலே நல்லவரை நிறுத்தலாம், அதனால் தோற்றுவிடாது. 2019இலும் 2024இலும் திருப்பூர் நாடாளுமன்றத் தொகுதியில் சுப்பராயன் பெற்ற வெற்றிகளே சான்று. முதல்முறை ஏறத்தாழ 93 ஆயிரம் வாக்குகள் வேறுபாடு. அடுத்து ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம். பனியன் முதலாளிகளின் ஊர் என்று பேர்பெற்ற இடத்தில் தொழிற்சங்கத்தார் இருமுறை வென்றார்.

வள்ளுவர் 'தெரிந்து தெளித'லை முன்வைத்து அதன்பின்னரே 'தெரிந்து வினையாட'லை வைத்தார். ஆளை ஆராய்வது முதற்பணி. வினையை ஒப்படைப்பது அடுத்தது. நம் நேர்காணல்களில் முதற்பணி பணக்கணக்கோடு முடிந்துவிடுகிறது. நொய்யலைப் பற்றி, பீஸ்ரேட் கூலியைப் பற்றி, வாக்காளர் பட்டியல் சொந்த ஊரில் இருக்க இங்கே தையல் பொறியின்முன் அமர்ந்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்கப்படட்டும். வாக்கில்லாத அத்தொழிலாளிக்காக வேட்பாளர் என்ன விடை சொல்கிறார் என்பதைக் கொண்டே, வாக்குள்ள நமக்கு அவர் எப்படி இருப்பார் என்று அறியலாம்.