மாவினால் செய்த கோழி

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தில் உயிரில்லாத கோழியொன்று வெட்டப்படுகிறது. தீக்கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்கு உயிர்ப்பலி தரச் சொல்கிறாள் தாய் சந்திரமதி. மகனான அரசன் யசோதரன் மறுக்கிறான். தாய் விடவில்லை. கடைசியில் மாவினால் செய்த கோழியைப் பலியிட இசைகிறான். அந்த ஒரு வெட்டுக்காக இருவரும் மயில், நாய், மீன், ஆடு, கோழி என விலங்குப் பிறவிகளில் உழல்கிறார்கள். தண்டனை மிகை என்று தோன்றலாம். ஆனால் சமணம் கொலையை எங்கே காண்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதையை நான் அறியேன். வாளை ஓங்கியபோது அரசன் நெஞ்சில் நின்றது கோழிதான், மாவு அன்று.

சமண ஆசாரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உயிர் போக்குதலை மட்டும் இம்சை என்று சொல்லி அமையவில்லை. சோர்வுபட்ட மனமொழிமெய்களால் உயிருக்கு நேரும் கேடே இம்சை என்கிறது. தமிழ்ச் சமணர் பொன்னூர் மலையோடு சேர்த்துப் போற்றும் குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒருபடி மேலே போகிறார்: விழிப்போடு நடக்கும் துறவியின் அடியில் சிற்றுயிர் பட்டாலும் வினை கட்டாது; பாராமல் நடப்பவருக்கோ எதுவும் சாகாவிட்டாலும் பழி உண்டு. திகம்பர முனிவர் கையிலுள்ள மயிற்பீலியும், மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் நோன்பும் இந்த விழிப்புக்கான கருவிகளே.

இல்லறத்தார் என்ன செய்வது? வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துச் சமணர் பலர் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். ஏர் ஓடினால் புழு சாகும். இதை உணர்ந்தே நூலோர் இம்சையை நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே செய்வதை இல்லறத்தார் அடியோடு விடவேண்டும். சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வதை இயன்றவரை குறைக்கவேண்டும். பொழுது சாயுமுன் உண்பது, நீரைத் துணியில் வடிகட்டுவது எல்லாம் இந்தக் குறைத்தலின் பாற்பட்டவை. வடிகட்டியபின் துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்பதும் விதி. குடிப்பவரின் நலத்துக்காக மட்டும் வடிகட்டுபவர் இவ்வளவு தூரம் போகமாட்டார்.

சமணம் என்றதும் உணவு விலக்குகளையே பேசுகிறோம். இல்லறத்தாரின் சிறுநோன்பான கொல்லாமை அணுவிரதத்துக்கு வரும் ஐந்து அதிசாரங்களை, அதாவது மீறல்களை, யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். ஐந்திலும் உயிர் போகவேண்டியதில்லை, விரதம் பழுதுபட்டுவிடுகிறது. வண்டிமாட்டுக்கு மட்டுமன்றி, நெற்களத்தில் மூட்டை சுமக்கும் கூலியாளுக்கும் சேர்த்தே இவற்றைப் படிக்கவேண்டும் என்பது என் துணிபு.