பத்தில் ஏழு பங்கு

1956 ஜூலையில் பிரிட்டனில் நிறைவேறிய தூய காற்றுச் சட்டம் என்றதும் அது விதித்த தடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட தெருவில் எந்த வீட்டுப் புகைபோக்கியிலிருந்தும் புகை வரக் கூடாது, வந்தால் அபராதம். ஆனால் அந்தச் சட்டத்தின் உயிர் இருப்பது தடையில் அல்ல, அதிகம் பேசப்படாத 12ஆம் பிரிவில் என்பது என் கருத்து. வீட்டிலுள்ள கணப்பைப் புகையில்லாத எரிபொருளுக்கு ஏற்றபடி மாற்ற ஆகும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளூராட்சி திருப்பித் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொன்னது. அறுநூற்றைம்பது ஆண்டுகளாக எந்த ஆணைக்கும் அடங்காத லண்டன் புகை அடங்கத் தொடங்கியதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்குண்டு.

அறுநூற்றைம்பது ஆண்டு என்பது அலங்காரப் பேச்சு இல்லை. கடல்வழியே வந்த நிலக்கரியை லண்டனில் எரிக்கக் கூடாது என்று முதலாம் எட்வர்டு மன்னர் ஆணையிட்டது 1306இல். விறகு விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் கரியை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் கரியையே எரித்தார்கள். 1661இல் ஜான் ஈவ்லின் லண்டன் புகையைக் கண்டித்து ஒரு நூலே எழுதி மன்னரிடம் முறையிட்டார். அதனாலும் ஒன்றும் மாறவில்லை. பிறகு வந்த சுகாதாரச் சட்டங்கள் தொழிற்சாலைகளைத்தான் குறிவைத்தன. 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம்கூடக் குடியிருப்பு வீடுகளின் புகைபோக்கிகளுக்கு விலக்கு அளித்தது. குளிர்நாட்டில் கணப்பு வெறும் அடுப்பு அல்ல. குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஈரத்துணி உலர்த்துவது, விருந்தாளியை உட்காரவைப்பது எல்லாம் அதன் முன்னால்தான். அதில் அரசு கைவைத்தால் மக்கள் பொறுக்க மாட்டார்கள் என்று அரசியல்வாதிகள் அஞ்சினார்கள். மக்கள் கணப்பை நேசித்தது உண்மை. ஆனால் மாற்றிக்கொள்ளப் பணமில்லை என்பதும் அதே அளவு உண்மை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மீது இறங்கிய புகைமூட்டம் அந்தக் கணக்கைப் போடவைத்தது. காற்று அசையவில்லை. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்க, லட்சக்கணக்கான கணப்புகளின் புகையும் கந்தகமும் கீழேயே தேங்கின. போர்க்காலத்தில் வந்த கரிப் பங்கீடு அப்போதும் முடிந்திருக்கவில்லை. நல்ல கரியை ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டு, தூளும் சிறு துண்டுகளும் கலந்த மட்டக் கரியைப் பங்கீட்டிலிருந்து விடுவித்து வீடுகளுக்கு விற்கத் தொடங்கியதும் அதே டிசம்பரில்தான். அந்தக் கரி கூடுதலாகப் புகைந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அதை 12,000 வரை உயர்த்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் முதியவர்கள், நெஞ்சுச்சளிக்காரர்கள், கைக்குழந்தைகள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களையும் மூட்டம் விடவில்லை.

அரசு முதலில் தயங்கியது. 1953இல்தான் சர் ஹ்யூ பீவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1954 நவம்பரில் வந்த அதன் இறுதி அறிக்கை இரண்டு முக்கியமான கணக்குகளை முன்வைத்தது. நாட்டில் எரியும் கரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வீடுகளில் எரிகிறது, ஆனால் புகையில் ஏறத்தாழப் பாதி வீடுகளிலிருந்து வருகிறது என்பது ஒன்று. காற்று மாசினால் நாடு ஆண்டுதோறும் இழப்பது சுமார் 25 கோடி பவுண்டு என்பது மற்றொன்று. இதற்குப் பிறகு வீட்டுப் புகையை வீட்டுக்காரரின் சொந்த விவகாரம் என்று ஒதுக்க முடியவில்லை. மாற்றச் செலவை அவர் தலையிலேயே முழுதாகக் கட்டுவதும் நியாயமாகப் படவில்லை. குழுவின் பரிந்துரைகளை ஜெரால்டு நபாரோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நெருக்கினார். அரசு தானே சட்டம் இயற்றுவதாக வாக்களித்த பிறகே அவர் அதை விலக்கிக்கொண்டார்.

பத்துப் பங்கில் நான்கு மத்தியக் கருவூலம், மூன்று உள்ளூராட்சி, மூன்று வீட்டுக்காரர் என்பது சட்டம் வகுத்த முறை. உள்ளூராட்சி விரும்பினால் வீட்டுக்காரரின் மூன்றையும் தானே ஏற்கலாம்; ஏழைக் குடும்பங்களுக்கு இந்த வாசல் முக்கியமானது. வேலைக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். சட்டத்துக்குப் பின் கட்டும் புதிய வீடுகளுக்கு மானியம் கிடையாது, ஏனென்றால் அவற்றைத் தொடக்கத்திலேயே சரியாகக் கட்டிவிடலாம். பழைய வீட்டில் பிறந்த தவறுக்கு அதில் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்ற எண்ணம் இந்த விதியின் அடியில் இருக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தனியார் வீட்டுக் கணப்புக்குப் பொதுப்பணம் எதற்கு என்ற கேள்விக்குப் பீவர் குழுவின் கணக்கே பதில்: புகை அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போனபோதே அது பொதுவாகிவிட்டது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வடகடலில் 1965இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1967 முதல் அது கரைக்கு வந்தது. வசதியும் விலையும் பார்த்து மக்கள் தாமாகவே கரியை விட்டார்கள், சட்டமும் மானியமும் உடன் ஓடியவை மட்டுமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதில் பாதி உண்மை. புகை சட்டத்துக்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது, எரிவாயு அந்தச் சரிவை வேகப்படுத்தியது. ஆனால் அந்த வாதம் கைகாட்டுவது அடுப்பைச் சொந்தக் காசில் மாற்ற முடிந்தவர்களைத்தான். நெருக்கமான தெருவில் பத்து வீடுகள் மாறி ஐந்து வீடுகள் மாறாவிட்டால் பதினைந்து வீட்டாரும் அதே காற்றைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். மானியம் தாங்கிப் பிடித்தது அந்தக் கடைசி ஐந்து வீடுகளை.

இருந்தும் அந்தத் திட்டத்தின் குறைகளை மறைக்கக் கூடாது. பணம் கணப்பை மாற்றத்தான் கிடைத்தது, அதில் எரிக்க அல்ல. கல்கரி போன்ற புகையற்ற எரிபொருளின் கூடுதல் விலையைக் குடும்பமே ஒவ்வொரு குளிர்காலமும் சுமந்தது. 1960களில் எரிவாயு ஆலைகள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது, அவற்றின் உபவிளைவான கல்கரிக்குத் தட்டுப்பாடும் வந்தது. சுரங்க ஊர்களில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே கரி வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அதை எரிக்காதே என்பது கூலியில் கைவைப்பது போல. அதனால் அந்த ஊர்களின் உள்ளூராட்சிகள் பின்வாங்கின.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உதவி நோயாளியோடு கட்டப்படாமல் இடத்தோடு கட்டப்பட்டது. உள்ளூராட்சி ஒரு பகுதியை அறிவித்தால்தான் அங்கே மானியம் உண்டு. அறிவிப்பதும் அறிவிக்காததும் அதன் விருப்பம். அறிவிக்காத தெருவில் மூச்சிரைத்துக் கிடந்தவருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பென்னிகூடக் கேட்க உரிமை இல்லை. எஃகு நகரமான ஷெஃபீல்டு தெருத்தெருவாக அறிவித்து முன்னே போனது. பல ஊர்கள் செலவில் தங்கள் பங்கை எண்ணித் தள்ளிப்போட்டன. 1962 டிசம்பரில் மறுபடியும் மூட்டம் இறங்கியபோது லண்டனில் ஏறத்தாழ 700 பேர் இறந்தார்கள். தயங்கும் உள்ளூராட்சிக்குக் கட்டாயமாக ஆணையிடும் அதிகாரம் அமைச்சருக்குக் கிடைத்தது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். பத்தில் ஏழு பங்கு என்ற வாக்குறுதி ஏட்டில் ஏறி அதற்குள் பன்னிரண்டு குளிர்காலங்கள் போயிருந்தன.