அம்மா வெளியே இருங்க: குழந்தையின் ஆபரேஷனும் ஒரு நீண்ட சண்டையும்

இன்னைக்கு எபிசோடை ஒரு பையனோட வாயிலிருந்து ஆரம்பிப்போம்.

வருஷம் 1924. இடம் நார்வே. விடுமுறைக்குத் தாத்தா பாட்டி ஊருக்கு வந்திருந்த எட்டு வயசுப் பையனை அவன் அம்மா ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகிறார். வாயைத் திற என்கிறார் டாக்டர். திறக்கிறான். நீளமான கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கத்தி உள்ளே போய் ஒரு சுழற்று சுழற்றுகிறது. அவ்வளவுதான். மூக்குக்குப் பின்னால் இருந்த அடினாய்டு சதை ரத்தத்தோடு பாத்திரத்தில் விழுகிறது. மயக்க மருந்து கிடையாது. மரத்துப்போக ஊசி கிடையாது. முடிந்ததும் அம்மாவும் பையனும் நடந்தே வீடு திரும்பினார்கள்.

அந்தப் பையன் பேர் ரோல்டு டால். ஆமா, 'மட்டில்டா', 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' எழுதின அதே ரோல்டு டால். அறுபது வருஷம் கழித்து, 1984ல் வந்த 'பாய்' புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்காமல் அடினாய்டும் டான்சிலும் எடுப்பது வழக்கம்தான் என்றும் சொல்கிறார்.

இதைக் கேட்டாலே நமக்குத் தொண்டை கூசுது. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. கூடவே அம்மா வந்திருந்தார். நடந்து திரும்பும்போது பக்கத்தில் அவர் இருந்தார். அதே காலத்தில் லண்டனின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்குச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு அதுகூடக் கிடைத்திருக்காது. இன்றைய கதை அதைப் பற்றித்தான். குழந்தையின் வலிக்கு மருந்து கண்டுபிடித்த மருத்துவம், அந்தக் குழந்தையின் பக்கத்தில் பெற்றவர்களை உட்கார விட இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஏன்?

பல்லில் பிறந்த மயக்க மருந்து

முதலில் வலி. நவீன மயக்க மருந்தின் கதையில் பல் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு ஊரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடை இழுத்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்க வைத்துப் பார்த்தார். வலி தெரியவில்லை. 1846ல் அவருடைய பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன், இவரும் பல் டாக்டர், ஈதர் கொடுத்து ஒருவரின் பல்லை எடுத்தார். அடுத்த மாதமே, அக்டோபர் 16ஆம் தேதி, பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எல்லார் முன்னாலும் ஈதர் கொடுத்துக் காட்டினார்.

அப்போ 1924ல் எட்டு வயசுப் பையனுக்கு ஏன் கொடுக்கலை? டாக்டர்கள் கல் நெஞ்சுக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர்களுடைய பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. 1848ல் இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயசுப் பெண்ணுக்குக் கால் நகத்தை எடுக்க குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிஷத்தில் உயிர் போய்விட்டது. ஒரு நகத்துக்காக! சின்ன ஆபரேஷனுக்குப் பெரிய மயக்கம் தேவையா என்ற கேள்வி அதன் பிறகு ரொம்ப நாள் நின்றது. 'சில நொடி வேலைதானே, பிடிச்சுக்கிட்டா போதும்' என்ற பதில் சின்னக் குழந்தைகள் தலையில் விழுந்தது.

1905 வாக்கில் நோவோகெய்ன் வந்தது. 1940களின் கடைசியில் லிடோகெய்ன் விற்பனைக்கு வந்தது. இன்றைக்குப் பல் கிளினிக்கில் ஈறில் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது இந்த லிடோகெய்ன்தான். அந்த இடம் மட்டும் மரத்துப்போகும், ஆள் முழிச்சிருப்பார். வலி விஷயத்தில் வண்டி மெதுவாகவாவது நகர்ந்தது. தனிமை விஷயத்தில் அது கிளம்பவே இல்லை.

ஞாயிறு மட்டும், ரெண்டு மணி முதல் நாலு மணி வரை

1949ல் லண்டன் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளைப் பார்க்கும் நேரம் என்ன என்று ஒருவர் விசாரித்துப் பத்திரிகையில் எழுதினார். கைஸ் மருத்துவமனை: ஞாயிறு மட்டும், மதியம் ரெண்டு முதல் நாலு வரை. செயின்ட் தாமஸ் மருத்துவமனை: முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது, ராத்திரி ஏழு முதல் எட்டு வரை குழந்தை தூங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். லண்டன் மருத்துவமனை: மூணு வயசுக்குக் கீழே இருந்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கலாம்.

நம்ம ஊர்ல இதைச் சொன்னா அந்த ஆஸ்பத்திரி வாசல்ல பெரிய ரகளையே நடந்திருக்கும். இங்கே பேஷண்ட் கூட ஒரு அட்டெண்டர் இல்லையென்றால் நர்ஸே 'யாரு கூட வந்திருக்கீங்க'ன்னு கேட்பாங்க. அரசு மருத்துவமனையில் குழந்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கும் அம்மாக்களை நாம் பார்த்து வளர்ந்தவர்கள்.

அங்கே ரெண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று தொற்று. வெளியிலிருந்து வருகிறவர்கள் கிருமியைக் கொண்டுவருவார்கள் என்ற பயம். ஆன்டிபயாட்டிக் வராத காலத்தில் அது வெறும் சாக்கு இல்லை. ரெண்டாவது அழுகை. அம்மா வந்துவிட்டுப் போனால் குழந்தை கத்துது. வராவிட்டால் ரெண்டு மூணு நாளில் அமைதியாகிவிடுது. ஆக அம்மா வராமல் இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது. 'செட்டில் ஆயிடுச்சு' என்பார்கள்.

இந்த 'செட்டில் ஆயிடுச்சு'ங்கிற வார்த்தையைப் பிடிச்சு வெச்சுக்கங்க. திரும்ப வருவோம்.

தொற்றுக்குப் பதில் நியூசிலாந்திலிருந்து

முதல் காரணத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் வாயில் ஆபரேஷன் செய்த ஒரு தம்பதி. ஹென்றி பிக்கரில், நியூசிலாந்தின் ஒடாகோ பல் மருத்துவக் கல்லூரியின் முதல் டீன். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்த அனுபவம் உள்ளவர். அவர் மனைவி செசிலி பிக்கரிலும் பிளாஸ்டிக் சர்ஜன். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறக்கும் குழந்தைகள்தான் இவர்களுடைய முக்கியமான நோயாளிகள்.

இந்த ஆபரேஷனில் தொற்று வந்தால் தையல் பிரிந்துவிடும். திரும்ப முதலிலிருந்து தொடங்கணும். பொது வார்டில் ஒரே நர்ஸ் பத்துக் குழந்தையைத் தூக்குகிறார், பாலூட்டுகிறார். ஒரு குழந்தையின் கிருமி அந்தக் கை வழியாகவே அடுத்த குழந்தைக்குப் போகிறது. அப்படியென்றால் ஒரு குழந்தையை ஒரே ஆள் மட்டும் தொட்டால்? அந்த ஒரு ஆள் அம்மாவாகவே இருந்தால்? அம்மாவிடம் உள்ள கிருமி குழந்தைக்கு ஏற்கெனவே பழகினதுதானே?

1940களில் லோயர் ஹட் ஊரில் பாஸம் என்ற சின்ன மருத்துவமனையை நடத்தி இதைச் செய்து காட்டினார்கள். அம்மா குழந்தையோடு தங்கணும். பாலூட்டுவது, துடைப்பது, தூக்குவது எல்லாம் அவர் வேலை. மருத்துவ இதழிலும் இதைப் பற்றி எழுதினார்கள். தொற்றைப் பரப்புவார் என்று வாசலில் நிறுத்தப்பட்ட அம்மா, தொற்றைத் தடுக்கிற ஆளாக உள்ளே வந்தார்.

பாசத்தைக் காட்டி இவர்கள் வாதாடலை. புண் ஆறுதா இல்லையான்னு காட்டி வாதாடினாங்க. அந்தக் காலத்து டாக்டர்களிடம் எடுபடக்கூடிய வாதம் அதுதான்.

கடிகாரத்தோடு ஒரு சினிமா

ரெண்டாவது காரணம் இன்னும் கஷ்டமானது. அழாத குழந்தை நல்லா இருக்குன்னு எல்லாரும் நம்பினாங்க. இல்லைன்னு எப்படி நிரூபிப்பது?

ஜேம்ஸ் ராபர்ட்சன் டாக்டர் இல்லை. ஸ்காட்லாந்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ரெண்டாம் உலகப் போரின்போது, அன்னா ஃபிராய்டு லண்டனில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். அங்கே எல்லா ஊழியர்களும் குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பு எழுதணும் என்பது விதி. அந்தப் பழக்கம் அவரை விடலை. போருக்குப் பிறகு உளவியல் மருத்துவர் ஜான் பவுல்பியோடு சேர்ந்து, ஆஸ்பத்திரி வார்டுகளில் குழந்தைகளைக் கவனிக்கப் போனார்.

அவர் பார்த்தது இது. முதலில் குழந்தை கத்தி அழுது எதிர்க்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து அடங்குகிறது. கடைசியில் அம்மாவே வந்தாலும் ஒட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வார்டில் 'செட்டில் ஆயிடுச்சு' என்று சொன்னது இந்த ரெண்டாவது, மூணாவது நிலையைத்தான். அந்த அமைதிக்கு அர்த்தம், குழந்தை விட்டுக்கொடுத்துவிட்டது என்பது.

சொன்னார். யாரும் நம்பலை. சரி, படமெடுத்துக் காட்டுவோம் என்று ஒரு கேமராவை வாங்கினார். அதுவரை கேமராவைத் தொட்டதுகூட இல்லை. தொப்புளில் ஒரு சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் அனுமதிக்கப்பட்ட, ரெண்டரை வயசுகூட நிரம்பாத லாரா என்ற குழந்தையைப் படம்பிடித்தார். வேண்டுமென்றே அழுகிற காட்சியாகப் பொறுக்கி எடுத்தாய் என்று சொல்லிவிடக் கூடாதே! அதனால் தினமும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் எடுத்தார். வார்டுக் கடிகாரம் படத்தில் தெரியும்.

லாரா அதிகம் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்குகிறாள். பொம்மையைக் கட்டிக்கொள்கிறாள். நடுநடுவே அம்மா எங்கே என்று கேட்கிறாள். கடைசி நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, தன் சாமான்களை எடுத்துக்கொள்கிறாள், அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்க மறுக்கிறாள். அந்த ஒரு காட்சியைத் தாண்டுவது ரொம்பக் கஷ்டம்.

1952 நவம்பரில் லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் அரங்கில் திரையிட்டார்கள். டாக்டர்கள், நர்சுகள் கொதித்துப்போனார்கள். எங்கள் தொழிலுக்கே அவமானம், இந்தக் குழந்தை ஒரு விதிவிலக்கு என்றார்கள். கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மட் மெக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவர். ஆனால் தன் வார்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, படத்தில் பார்த்தது அங்கேயும் இருந்தது. மாறினார். அம்மாக்களைத் தங்கவிட்டார். ராபர்ட்சனின் அடுத்த படம், அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் குழந்தையின் கதை, 1958ல் வந்தது. அது எடுக்கப்பட்டது மெக்கார்த்தியின் வார்டில்தான்.

1959ல் ஹாரி பிளாட் என்ற சர்ஜன் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சின்னக் குழந்தையோடு அம்மா தங்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனா பரிந்துரைங்கிறது காகிதம்தானே? 1961ல் லண்டன் பாட்டர்ஸீ பகுதியைச் சேர்ந்த சில அம்மாக்கள் சங்கம் அமைத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் நாடு முழுக்கப் பரவியது. காகிதத்தில் இருந்தது வார்டுக்கு வர அதன் பிறகும் பல வருஷம் ஆனது.

பல் டாக்டர் நாற்காலி

பல் கிளினிக்கில் இந்தக் கதை இன்னும் நீளம். குழந்தைகளுக்கு மட்டும் பல் சிகிச்சை பார்த்த அமெரிக்க முன்னோடி எவாஞ்சலின் ஜோர்டன், 1920களில் ஒரு வழி சொன்னார். அடங்காமல் கத்தும் குழந்தையின் வாயைத் துணியால் பொத்தி, சொல்வதைக் கேட்க வைப்பது. பிறகு இது கையால் வாயைப் பொத்தும் முறையாகப் பாடப்புத்தகம் வரை போனது. பெற்றோர் வெளியே காத்திருக்கும் அறையில் இருந்தார்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி இந்த முறையைத் தன் வழிகாட்டியிலிருந்து நீக்கியது எப்போ தெரியுமா? 2006ல்.

இடையில் இன்னொரு வழியும் வளர்ந்தது. 1959ல் ஹரோல்டு அடெல்ஸ்டன் சொன்ன 'சொல், காட்டு, செய்'. கருவியைப் பற்றிக் குழந்தைக்குப் புரிகிற வார்த்தையில் முதலில் சொல்லணும். அப்புறம் விரல் நகத்தில் ஓட்டிக் காட்டணும். அப்புறம்தான் வாயில் வைக்கணும். இன்றைக்கும் நல்ல குழந்தைப் பல் டாக்டர்கள் செய்வது இதைத்தான்.

உள்ளே போனால் மட்டும் போதுமா?

சண்டை போட்டு உள்ளே போயாச்சு. அடுத்து? 1990களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் என்ற மயக்க மருந்து நிபுணரின் குழு இதை ஆராய்ந்தது. மயக்கம் கொடுக்கும்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் குழந்தையின் பயம் குறையுமா? கிடைத்த பதில் கொஞ்சம் சங்கடமானது. வெறுமனே கூட இருப்பதால் எல்லாக் குழந்தைக்கும் பயம் குறையவில்லை. பதட்டமில்லாத பெற்றவர் பக்கத்தில் இருந்தால், பயந்த குழந்தைக்கு உதவியது. பெற்றவரே நடுங்கினால் பெரிசா பலன் இல்லை.

ஊசி போடும் நேரத்தைப் பற்றிய வேறு ஆய்வுகள் இன்னொன்றும் காட்டின. 'ஒண்ணுமில்லடா, பயப்படாதே' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் குழந்தையின் கலவரம் கூடத்தான் செய்கிறது. ஏதோ பயப்பட வேண்டிய விஷயம் நடக்கப் போகுதுன்னு அதுக்குச் செய்தி போகுது. வேற பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புவது நல்லா வேலை செய்யுது.

விழாத பால் பல்லை எடுக்கணும், ஈறைக் கொஞ்சம் வெட்டணும் என்று டாக்டர் சொன்னால் நம்ம வீடுகளில் என்ன நடக்கும்? முந்தின நாள் வரை 'சேட்டை பண்ணா டாக்டர் ஊசி போட்டுடுவார்'. அன்னைக்குக் காலையில 'எறும்பு கடிச்ச மாதிரிதான், வலிக்கவே வலிக்காது'. முதலாவது மிரட்டல், ரெண்டாவது பொய். ஊசி குத்தின அந்த நொடியில் ரெண்டும் சேர்ந்து உடையுது. அதுக்கப்புறம் நாம சொல்ற எதையும் குழந்தை நம்பாது.

'முதல்ல சுருக்குனு இருக்கும், அப்புறம் உதடு தடிச்ச மாதிரி ஆயிடும், பல்லை அசைக்கிறது தெரியும் ஆனா வலிக்காது, நான் இங்கேயே இருப்பேன்' என்று முன்னாடியே சொல்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. வலித்தால் கையைத் தூக்கு என்று ஒரு சிக்னல் பேசிவையுங்கள். முழு மயக்கம் என்றால் எத்தனை மணியிலிருந்து சாப்பாடு, தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே கடைப்பிடிங்கள், பாவம் பசிக்குதேன்னு ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு, மரமரப்பு போகும் வரை குழந்தை தன் உதட்டையே கடித்துப் புண்ணாக்கிவிடும், அதைப் பாருங்கள்.

அப்புறம் அழுதால் அழட்டும். அடக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து 'எவ்ளோ சமத்து, அழவே இல்லை'ன்னு நாமும் சந்தோஷப்படுவோம். லண்டன் வார்டுகளும் அதைத்தான் பல பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அழுகிற குழந்தை, தன் குரலைக் கேட்க அங்கே ஒரு ஆள் இருக்குன்னு இன்னும் நம்புது.

உங்க வீட்ல, உங்க சின்ன வயசுல, இப்படி ஒரு நாளில் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தது யாரு? அவங்க என்ன சொன்னாங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.