நீருக்குப் பிறகு வந்த அரண்மனை

தேக்கடிப் படகுத்துறையில் ஏறி ஏரிக்குள் போனால், இடப்பாளையத்தில் கரைமேட்டு மரங்களுக்கு நடுவே ஒரு பழைய மாளிகை தென்படும். திருவிதாங்கூர் மன்னர்களின் கோடை மாளிகையாக இருந்த அது, இன்று கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ‘லேக் பேலஸ்’ விடுதி. மொத்தமே ஆறு அறைகள்தான். நான்கு பக்கமும் பெரியாறு புலிகள் காப்பகம். எல்லோரும் மன்னரிடமிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். நான் மதுரைச் சீமையின் தாகத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த மாளிகையின் முன்னால் விரிந்து கிடக்கும் நீர் அங்கே வந்ததே அதனால்தான்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பழையது. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்தார். செலவுக்குப் பணம் இல்லாமல் நின்றுபோனது. தாது வருடப் பஞ்சம் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன பிறகுதான் ஆங்கில அரசு அசைந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. நீர்த்தேக்கத்துக்காக விட்ட 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887இல் பொறியாளர் ஜான் பென்னிகுக் அணை வேலையைத் தொடங்கினார். சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் குழைத்துக் கட்டினார்கள். எழுப்பியதை வெள்ளம் அடித்துப் போனது. மலைக்காய்ச்சல் கூலியாட்களைக் கொன்றது. அவர்களில் பலருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 1895இல் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கி வைகைக்குப் போனது.

அணைக்குப் பின்னால் ஏறக்குறைய 26 சதுர கிலோமீட்டர் காடு முழுகியது. நிற்கிற மரங்கள் நின்றபடியே மூழ்கின. அவற்றின் கருத்த கட்டைகள் இன்னும் நீருக்கு மேலே நிற்கின்றன. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அவற்றின்மேல் சிறகு விரித்துக் காய்கின்றன. ஒரு காடு செத்துத்தான் இந்த ஏரி பிறந்தது. இதைச் சொல்லாமல் அந்த ஏரியின் அழகைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அதே நீர், சுற்றியிருந்த காட்டைக் காப்பாற்றியும் கொடுத்தது. மரத்தை வெட்டினால் மண் கரைந்து ஏரிக்குள் வந்து சேரும். அதனால் 1899இல் ஏரியைச் சுற்றிய காடு ஒதுக்குக் காடானது. கோடையில் நீர் வற்றும்போது கரையில் இளம்புல் முளைக்கும். அதை மேய யானையும் காட்டெருமையும் மிளாவும் இறங்கி வரும். விலங்குகளைக் கண்ணாரக் காண இதைவிட நல்ல இடம் எது? மன்னர் குடும்பத்துக் கோடை மாளிகை அங்கே எழுந்ததில் வியப்பில்லை. 1934இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சியில் இந்தக் காடு நெல்லிக்காம்பட்டி வனவிலங்குச் சரணாலயம் ஆனது. ராபின்சன் என்ற ஆங்கிலேயர் அதன் காவல் அதிகாரி. 1950இல் எல்லை விரிந்து பெரியாறு சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம்.

இதற்கிடையில் சமஸ்தானம் போய்விட்டது. மாளிகை பொதுமக்கள் தங்கும் விடுதியானது. நாட்டில் எத்தனையோ அரண்மனைகள் ஓட்டலாகியிருக்கின்றன. அவற்றில் தங்குபவரை ராஜாவாக உணர வைப்பார்கள். இங்கே நிலைமை வேறு. படகில் போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். பிறகு இரவு முழுக்கக் காட்டின் சட்டம்தான். எனக்குப் பிடித்தது காட்டுக்கு அடங்கிப் போகும் இந்தப் பணிவுதான்.

காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்த மன்னான், பளியர் குடிகள் குமுளிப் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். விடுதிக்கு வருகிறவர்கள் அவர்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டோடு ஒட்டிய மனிதர் கதை இன்னொன்றும் உண்டு. 1990களின் பிற்பகுதியில், காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களையே வனத்துறை அழைத்து, வழக்குகளைப் பேசித் தீர்த்து, காவலுக்கும் வழிகாட்டலுக்கும் அமர்த்தியது. காட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? பெரியாறு காப்பகத்தின் பெருமையாக நான் நினைப்பது புலிகளின் எண்ணிக்கையை அல்ல, இந்த ஏற்பாட்டைத்தான்.

போகிறவர்கள் கம்பம் வழியாகப் போங்கள். லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் நான்கு பெரிய குழாய்களைப் பாருங்கள். மாளிகை வாசலில் கிடக்கும் அதே நீர்தான் அவற்றில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் வயலுக்கும் அதற்கப்பால் மதுரைக்கும் போகிறது.